மனசுக்கு மார்க் போடும் தாள்: கேட்டதும் சொன்னதும்

கடலூரிலும் புதுச்சேரியிலுமாக 22 வருடம் மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். போனில் கிடைக்கும் மனநலக் கேள்வித்தாள்களைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பலரும் கேட்டிருப்பது பி.எச்.க்யூ-9 பற்றி: கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வு (டிப்ரஷன்) எவ்வளவு என்று பார்க்கும் ஒன்பது கேள்வித் தாள் அது. ஒவ்வொன்றுக்கும் "இல்லவே இல்லை" (0) முதல் "கிட்டத்தட்ட தினமும்" (3) வரை நாலு பதில். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

திருப்பாதிரிப்புலியூர், 27 வயது: சிஸ்டர், பி.எச்.க்யூ-9 போட்டேன். மொத்தம் 7 தான், "லேசானது"ன்னு வந்துச்சு. ஆனா கடைசிக் கேள்விக்கு "சில நாட்கள்"னு போட்டிருந்தேன். அது சும்மா வந்து போற நினைப்புதானே?

தம்பி, உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். செத்துவிட்டால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்று கேட்பது அந்த ஒன்பதாவது கேள்வி. கூட்டலில் அதுவும் சேரும், ஆனால் அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் பூஜ்யம் இல்லையென்றால் நாங்கள் மொத்தத்தைப் பார்த்து ஆறுதல்பட மாட்டோம். உட்கார வைத்துப் பேசுவோம். நினைப்பு எப்போது வருகிறது, எப்படி என்றுகூட யோசித்தீர்களா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்போம்.

இன்றைக்கே அண்ணனிடமோ நண்பனிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் அது. காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நினைப்பு வலுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் யாரையாவது கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயம் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

நெல்லித்தோப்பு, 34 வயது: எனக்கு 14 வந்துச்சு. அப்போ எனக்கு டிப்ரஷன் இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. இருக்கலாம் என்று அர்த்தம், நேரில் காட்ட வேண்டும் என்று அர்த்தம். முதுநகர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள் இல்லையா? ஏற்றிய ஒவ்வொரு தடவையும் புயல் நம் கரையில்தான் அடிக்கிறதா? ஆனாலும் கூண்டைப் பார்த்துவிட்டு யாரும் படகை இறக்குவதில்லை.

கணக்கு இதுதான். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5 வந்தால் லேசானது, 10 வந்தால் நடுத்தரம், 15 வந்தால் ஓரளவு கடுமை, 20 வந்தால் கடுமை. ஸ்பிட்சர், குரோன்கி, வில்லியம்ஸ் மூவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், 10-ஐ எல்லையாக வைத்தபோது, மனச்சோர்வு இருப்பவர்களில் 88 சதவீதம் பேரை அது பிடித்தது. இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 10 பேருக்கு உண்மையிலேயே நோய் என்று வைப்போம். அந்தப் பத்தில் 9 பேர் சிக்குவார்கள். மீதி 90 பேரில் 11 பேர் சும்மாவே சிக்குவார்கள். ஆக, 10-ம் அதற்கு மேலும் வந்த 20 பேரில் பாதிக்கும் மேல் அந்த நோய் இல்லாதவர்கள். அதனால்தான் தாளை மட்டும் பார்த்து எந்த டாக்டரும் மாத்திரை எழுதக்கூடாது என்கிறேன். அந்தப் பதினொரு பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். துக்கம், கடன், வேலையிடத்துத் தொல்லை என்று ஏதோ ஒன்று அவர்களையும் அரித்துக்கொண்டிருக்கும்.

தாளின் அடியில் மார்க் இல்லாத ஒரு கேள்வி இருக்கும்: இவற்றால் வேலை பார்ப்பதும் வீட்டைக் கவனிப்பதும் மற்றவரோடு பழகுவதும் எவ்வளவு கஷ்டமாகியிருக்கிறது? போனில் போடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் 14 என்ற எண்ணைவிட இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் சொல்லும்.

நெய்வேலி, ஷிப்ட் தொழிலாளி: தூக்கமில்லை, அசதி, கவனமில்லை. மூணுக்குமே 3 போட்டேன். நைட் ஷிப்ட் பாக்கறவன் எல்லாருக்கும் இப்படித்தானே வரும்?

வரும். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை ஏறிக்கிடந்தாலும் அந்த மூன்று இடத்தில் மார்க் கூடும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆனால் முதல் இரண்டு கேள்வியைத் திரும்பப் பாருங்கள்: எதிலும் நாட்டமில்லை, மனசு சோர்ந்துகிடக்கிறது. லீவு நாளில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அந்த இரண்டும் அப்படியே இருந்தால், பழியை ஷிப்ட் மேல் மட்டும் போடாதீர்கள்.

கடலூர் முதுநகர்: அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் கேள்வியைக் கேட்டு நிரப்பலாமா?

படித்துக் காட்டலாம். அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் யோசித்துப் போடக்கூடாது. நாலு பதிலையும் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் மகள் முன்னால் மறைப்பார்கள். அதைச் செவிலியரோ டாக்டரோ தனியாகக் கேட்கட்டும்.

இன்னொன்று. நம் வீட்டுப் பெண்களுக்கு மனசு பேசுவதைவிட உடம்புதான் அதிகம் பேசும். உடம்பெல்லாம் எரியுது, நெஞ்சு அடைக்குது, கை கால் ஓய்ஞ்சுபோச்சு என்பார்கள். ஒரு அம்மாவிடம் "எதிலாவது ஆர்வம் குறைஞ்சிருக்கா?" என்று நான் கேட்டதற்கு, "எனக்கு எப்பம்மா ஆர்வம் இருந்துச்சு" என்றார். பூஜ்யம் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். சும்மா பேச்சுக்கு, வாசலில் கோலம் போடுகிறீர்களா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி மட்டும் தெளிச்சுட்டு வந்துடறேன். கோலமாவு டப்பா தை மாசத்துல இருந்து அப்படியே இருக்கு" என்றார். அன்று நாங்கள் பேசியது ஆடி மாதம். தாளில் இருக்கும் வார்த்தையை மாற்றாதீர்கள், ஆனால் உங்கள் அம்மா எதையெல்லாம் நிறுத்திவிட்டார் என்று ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பாகூர், குழந்தை பிறந்து ஐந்து வாரம்: அழுகையா வருது. அக்கா இதே தாளைப் போடச் சொன்னா.

உங்களுக்கு எடின்பரோ தாள் பொருத்தம். பிரசவித்த தாய்மார்களுக்கென்றே 1987-ல் உருவாக்கியது. பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. பச்சைக்குழந்தை வைத்திருப்பவளுக்குத் தூக்கம் இருக்காது, பசி தெரியாது. அதனால் அசதி, பசி பற்றி அதில் கேட்பதில்லை. தூக்கத்தைக் கேட்டாலும், வருத்தத்தால் தூக்கம் கெடுகிறதா என்றுதான் கேட்கும். முதல் பத்து நாள் அழுகை பலருக்கும் வந்து தானே அடங்கும். ஐந்து வாரமாகியும் நிற்கவில்லை என்பதால் தாளுக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம் தங்கச்சி, தடுப்பூசிக்குப் போகும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, அன்றைக்கே போக வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

பண்ருட்டி: வீட்டுக்காரர் குடிக்கிறார். அதுக்கும் தாள் இருக்கா?

இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) என்ற தாள், பத்துக் கேள்வி, 40 மார்க், 8 வந்தாலே கவனிக்க வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவரைக் கேட்டு நிறுத்தட்டும்.

சிதம்பரம், கல்லூரி மாணவி: நான் தினமும் போட்டுப் பாக்கறேன். ஒருநாள் 11, ஒருநாள் 6.

கேள்வியே இரண்டு வாரத்தைப் பற்றியது கண்ணு, தினமும் போட்டால் அன்றைய மூட்தான் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஒன்றிரண்டு மார்க் ஏற்ற இறக்கத்துக்குக் கவலைப்படாதே, ஐந்து மார்க் மாறினால் கவனி. தூக்கமே தேவைப்படாமல் நாலைந்து நாள் படு உற்சாகமாக இருந்த காலம் உனக்கு எப்போதாவது உண்டா? அதை இந்தத் தாள் கேட்காது. டாக்டரிடம் நீயாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வேறு வகை மனநோயின் அடையாளமாக இருக்கலாம், மருந்தே மாறும். மார்க் காட்டும் முன்னால் போன் நம்பர் கேட்கிற ஆப் எதுவும் வேண்டாம். பேப்பரில் எழுதிக் கூட்டினாலே போதும்.

லாஸ்பேட்டை: ஓ.பி.ல டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் பாக்கறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல.

கோரிமேடு ஜிப்மர் ஆனாலும் கடலூர் அரசு மருத்துவமனை ஆனாலும் கூட்டம் இருக்கத்தான் செய்யும். அங்கேதான் தாள் உங்களுக்கு உதவும். போட்ட தேதி, மொத்தம், எந்தக் கேள்விக்கு 3 என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அடியில், எப்போது ஆரம்பித்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த வேலை நின்றுபோனது, மூன்றே வரி. ஒன்பதாவது கேள்விக்கு ஏதாவது போட்டிருந்தால் அதை மேலே எழுதுங்கள். உட்கார்ந்ததும் பேசத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.