ருமேனியாவின் 9-வது சண்டை விமானக் குழு: கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பறந்த ருமேனியச் சண்டை விமானிகள் ஷெர்பனெஸ்கு, காண்டகுசினோ இருவரில் யார் அதிக விமானங்களை வீழ்த்தினார்?

பதில்: இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பலவும் புள்ளிக்கணக்கு. 1944-ல் வந்த முறைப்படி ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு 1, இரட்டை எஞ்சினுக்கு 2, நான்கு எஞ்சினுக்கு 3. பழைய வெற்றிகளுக்கும் இதையே போட்டார்கள். புள்ளியையும் விமானத்தையும் தயவுசெய்து குழப்பாதீர்கள்.

கேள்வி: ஷெர்பனெஸ்கு ஸ்டாலின்கிராடில் இருந்தாரா?

பதில்: இருந்தார், ஆனால் அப்போது 7-வது குழுவில். 1942 நவம்பரில் கார்போவ்கா விமானத்தளத்தைச் சோவியத் டாங்கிகள் நெருங்கின. காலாட்படையிலிருந்து விமானப்படைக்கு வந்தவர் அவர். அந்த அனுபவம் அன்று கைகொடுத்தது. மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மன் தயாரிப்புச் சண்டை விமானங்களின் வாலைத் தூக்கி நிறுத்தி, அவற்றின் துப்பாக்கிகளாலேயே டாங்கிகளைச் சுட்டார்கள். பிறகு ஒற்றை இருக்கை விமானத்தில் பைலட்டுக்குப் பின்னால் இன்னொருவரைத் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள். விமானத்தை மட்டுமே காப்பாற்றிக்கொண்டு போயிருக்கலாம். தோழனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது.

கேள்வி: 1944 ஜூன் 10, எண்ணெய் நகரமான ப்ளோயெஷ்டி, அமெரிக்க லைட்னிங் விமானங்கள்?

பதில்: அது ருமேனியத் தயாரிப்பான ஐ.ஏ.ஆர் விமானங்களில் பறந்து 6-வது குழு நடத்திய சண்டை. தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: நேற்றுவரை ஜெர்மனியோடு பறந்துவிட்டு மறுநாள் அவர்களையே சுட்டது துரோகம் இல்லையா?

பதில்: இல்லை என்பதே என் கருத்து. 1944 ஆகஸ்ட் 23-ல் மன்னர் மிஹாய், ஜெர்மனியோடு கூட்டு வைத்திருந்த சர்வாதிகாரி அந்தோனெஸ்குவைக் கைதுசெய்தார்; ருமேனியா பக்கம் மாறியது. அடுத்த நாளே ஜெர்மன் விமானங்கள் புக்கரெஸ்ட்மீது குண்டு போட்டன. சொந்தத் தலைநகர் எரியும்போது விமானி என்ன செய்வான்? அதே மெஸ்ஸர்ஷ்மிட், அதே பைலட். பழைய அடையாளமான மஞ்சள் சிலுவையை அழித்துவிட்டு மூவர்ண வட்டம் வரைந்தார்கள், அவ்வளவுதான். ஷெர்பனெஸ்கு அதைப் பார்க்கவில்லை. ஐந்து நாள் முன்பு, ஆகஸ்ட் 18-ல், பிராஷோவ் பக்கத்தில் அமெரிக்க மஸ்டாங் விமானங்களோடு நடந்த சண்டையில் இறந்தார்.

கேள்வி: அந்த வாதம் ஒட்டவில்லை. கூட்டாளி கூட்டாளிதானே?

பதில்: கூட்டணி போட்டது அரசு. பைலட்டுக்குக் கிடைத்தது உத்தரவு. அதற்குப் பிறகும் ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா வரை போய்ச் செத்தவர்களைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: காண்டகுசினோ மொத்தம் எத்தனை விமானம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். புள்ளி வேறு, விமானம் வேறு.

கேள்வி: அமெரிக்கரை விமானத்துக்குள் ஒளித்துக்கொண்டு போனது உண்மையா?

பதில்: உண்மை. ஆகஸ்ட் 27, 1944. ஜேம்ஸ் கன் என்ற அமெரிக்க லெப்டினன்ட் கர்னல், ருமேனியாவில் போர்க்கைதி. காண்டகுசினோவின் மெஸ்ஸர்ஷ்மிட்டில் ரேடியோ இருந்த வால்பக்க இடுக்கில் அவரைப் படுக்கவைத்து மூடினார்கள். வெளியில் அமெரிக்கக் கொடியை வரைந்தார்கள். இத்தாலியில் ஃபோஜா அருகே இறங்கியதும் அங்கிருந்த அமெரிக்கர்கள் மூடியைத் திறந்தால், உள்ளே தங்கள் ஆள்! சில நாளில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் புக்கரெஸ்ட் அருகிலுள்ள பொபெஷ்டியில் இறங்கி, தங்கள் நாட்டுக் கைதிகள் உட்பட 1,100-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை ஏற்றிக்கொண்டு போயின.