வாஷிங் மெஷின் சத்தத்துக்கு ஏன் நடுங்குகிறேன்?

கேள்வி: எனக்கு வயது 29. கர்ப்பத்தின் 31ஆம் வாரத்தில் ரத்த அழுத்தம் 180/120க்கு ஏறி, கண் மங்கி, அவசரமாக சிசேரியன் செய்தார்கள். 1,200 கிராம் எடையில் பிறந்த மகள் 36 நாட்கள் இன்குபேட்டரில் இருந்தாள். இப்போது ஐந்து மாதம், நன்றாக இருக்கிறாள். நான்தான் சரியாக இல்லை. வாஷிங் மெஷின் ‘பீப்’ என்றாலே மானிட்டர் அலறுவதுபோல் உடல் நடுங்குகிறது. “பிள்ளைதான் நல்லபடியாக வந்துவிட்டதே, இன்னும் என்ன அழுகை?” என்கிறார் மாமியார். ஏழாம் மாதத்தில் தினமும் ஊறுகாய் சாப்பிட்டேன், ஸ்கூட்டரில் வேலைக்குப் போனேன். என்னால்தான் இப்படி ஆயிற்றா?

பதில்: இல்லை, சகோதரி. ஊறுகாயாலும் இல்லை, ஸ்கூட்டராலும் இல்லை.

உங்களுக்கு வந்தது தீவிர பிரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி உடல் உறுப்புகளைப் பாதிக்கும் நோய். அதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் ரத்தக் குழாய்கள் நன்றாக அகன்று கொடுக்க வேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு அகல்வதில்லை. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி வெளியிடும் பொருட்கள், தாயின் உடல் முழுவதும் ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன. அழுத்தம் ஏறியதும் கண் மங்கியதும் அதனால்தான். நீங்கள் ஊறுகாய் ஜாடியைத் திறப்பதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிட்ட நோய் இது.

இந்த நோயில் வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்தை ஏற்றும்போது உடம்பெல்லாம் தீயாய் எரிந்தது, தலைமாட்டில் நின்றது யார் என்றே தெரியவில்லை என்று எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உயிர் பிழைத்து வந்தவர் நீங்களும்தான். ஆனால் பார்க்க வந்தவர்கள் “குழந்தை என்ன எடை?” என்றுதான் கேட்டிருப்பார்கள். அந்த 36 நாட்களும் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்பவே நேரம் சரியாக இருந்திருக்கும். அழ எங்கே நேரம்? ஆபத்து விலகிய பிறகுதான் பலருக்குப் பயம் மேலே வருகிறது. ஓர் ஒலி கேட்டு நடுங்குவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அடையாளமாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் சேர்ந்திருக்கக்கூடும். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. பாலூட்டும்போது எடுக்கக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்றோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ எண்ணம் வந்தால், அன்றே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டிஸ்சார்ஜ் அறிக்கையை எடுத்துக்கொண்டு பிரசவம் பார்த்த மருத்துவரிடமும் ஒருமுறை போங்கள். அன்று என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். நினைவில் விட்டுப்போன மணி நேரங்களைத்தான் மனம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது. ரத்த அழுத்தத்தையும் அங்கேயே பாருங்கள். பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாத வாய்ப்பு உங்களுக்குக் கூடுதல் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம். அடுத்த குழந்தை வேண்டுமானால் நாள் தள்ளியதுமே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த நோய் மீண்டும் வரும் வாய்ப்பைக் குறைக்க 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவோம்.

உங்கள் மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அம்மா, உங்கள் மருமகளின் அழுகை நன்றிகெட்டதனம் அல்ல. இரவில் ஒரு முறையாவது பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரை நான்கு மணி நேரம் தூங்க விடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்து மாதத்தில் குப்புற விழுந்துவிட்டதே என்று ஒப்பிடவும் வேண்டாம். ஒன்பது வாரம் முன்னதாக வந்தவள் உங்கள் பேத்தி. வளர்ச்சிக் கணக்கில் அவளுக்கு இப்போது மூன்று மாதம்தான்.