மால்ட், ஹாப்ஸ், தண்ணீர்: பேல் ஏல் பற்றிய கேள்வி பதில்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்திலிருந்து வெளிநாடு சென்று குடியேறியவர்கள், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) மணம் மிகுந்த பேல் ஏல் என்னும் வெளிர் நிற பீரைத் தானியத்திலிருந்தே வீட்டில் தயாரிப்பது பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, பீர் ஆலை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் தருகிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமம் இல்லாமல் இங்கே பீர் தயாரிப்பது குற்றம். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வசிப்பவர்களுக்கே இப்பதில்கள் பொருந்தும்.

கேள்வி (ஆற்காடு, இப்போது மான்செஸ்டர்): 20 லிட்டருக்கு அளவுகளும் செய்முறையும் வேண்டும், ஐயா.

பதில்: மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. பேல் மால்ட் 4.5 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம். இரண்டையும் உமி சிதையாமல் உடைக்க வேண்டும். உமிதான் பிறகு வடிகட்டியாக வேலை செய்யும். சுமார் 14 லிட்டர் நீரை 73 டிகிரிக்குச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் கலவை 66 அல்லது 67 டிகிரியில் நிற்கும். மூடிப் போர்த்தி ஒரு மணி நேரம் வைத்தால், மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு, அதன்மேல் மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவு இன்னும் மிச்சம் இருக்கிறது, பழுப்பாகவே நின்றால் மாற்றம் முடிந்தது. அயோடின் விட்டதைக் கொட்டிவிட வேண்டும், பாத்திரத்தில் திரும்பச் சேர்க்கக் கூடாது.

பின்னர் 75 டிகிரி நீரால் தானியத்தை அலசி, மொத்தம் 25 லிட்டர் சாறு பிடித்து, ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கொதி தொடங்கியதும் 12 சதவீத ஆல்ஃபா அமிலம் (கசப்பைத் தரும் பொருள்) கொண்ட ஹாப்ஸ் 20 கிராம். கடைசிப் பத்து நிமிடத்தில் காஸ்கேட் வகை ஹாப்ஸ் 30 கிராம். அடுப்பை அணைத்துச் சாறு 80 டிகிரிக்கு இறங்கியதும் இன்னும் 40 கிராம் போட்டு 20 நிமிடம் ஊற விட வேண்டும். கசப்பு நீண்ட கொதியில்தான் இறங்கும், மணமோ நீண்ட கொதியில் ஆவியாகிப் போய்விடும். எல்லா ஹாப்ஸையும் தொடக்கத்திலேயே கொட்டுகிறவர்களுக்குக் கசப்பு மட்டுமே மிஞ்சுகிறது. விரைவாகக் குளிரவைத்து, யூஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட் தூவி, 18 முதல் 20 டிகிரிக்குள் வையுங்கள். நுரை அடங்கியபின் மேலும் 60 கிராம் ஹாப்ஸை மூன்று நாள் ஊறவிடலாம். ஹைட்ரோமீட்டரில் பார்க்கும் அடர்த்தி 1.050இல் தொடங்கி 1.011 அளவில் முடிந்தால் மதுச்சத்து 5 சதவீதம் இருக்கும்.

குளிர்ந்த சாற்றைத் தொடும் ஒவ்வொரு கரண்டியும் குழாயும் முதலில் கழுவப்பட்டு, பிறகு கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

கேள்வி (காட்பாடி, இப்போது நியூ ஜெர்சி): அவல் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். அவல் ஏற்கெனவே வெந்து தட்டப்பட்டதாகையால், பச்சரிசியைப் போலத் தனியாக வேகவைக்கத் தேவையில்லை. மால்ட்டோடு நேரே போடலாம். அரை கிலோவுக்குள் நிறுத்துங்கள். வடிகட்டும்போது அடைத்துக்கொண்டால், கழுவிய நெல் உமி இரண்டு கை சேர்த்தால் சாறு இறங்கும்.

கேள்வி (திருப்பத்தூர், இப்போது லண்டன்): ரொட்டி ஈஸ்ட் போதுமா?

பதில்: போதாது. நொதிக்கும், ஆனால் சரியாகப் படியாது, சுவையும் தெளிவாக வராது.

கேள்வி (குடியாத்தம், இப்போது மெல்பர்ன்): இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கடின நீரால்தான் அங்கே பேல் ஏல் பெயர் பெற்றது என்கிறார்கள். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரும் கடினம்தானே? சட்டம் இடம் கொடுத்திருந்தால் பாலாற்றங்கரை இன்னொரு பர்ட்டன் ஆகியிருக்காதா?

பதில்: ஆகியிருக்காது. பர்ட்டனின் நிலத்தடியில் ஜிப்சம் படுகைகள் இருப்பதால், அந்த நீரில் சல்ஃபேட் லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் கரைந்திருக்கிறது. சல்ஃபேட் கசப்பைத் துலக்கமாகவும் நாக்கில் தங்காததாகவும் ஆக்குகிறது. லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலை கையில் வைத்திருந்த இந்தியச் சந்தைக்குள் 1820களில் ஆல்சாப் போன்ற பர்ட்டன் ஆலைகள் நுழைந்து முன்னேறியதற்கு அந்த நீரும் ஒரு காரணம். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் மேலோங்கி நிற்பவை பைகார்பனேட்டும் உப்பும். பைகார்பனேட், மாஷ் எனப்படும் மால்ட்-நீர்க் கலவையின் பிஹெச் (அமில-காரத்தன்மை) அளவை 5.2 முதல் 5.6 வரை நிற்கவிடாமல் மேலே தள்ளும். அப்போது உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், ஹாப்ஸின் கசப்பு கரகரப்பாகும்.

கேள்வி (வாணியம்பாடி, இப்போது டொரண்டோ): கொதிக்க வைத்தால் கடினம் போய்விடும் என்று பள்ளியிலேயே படித்தோமே? குடியாத்தத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பதில்: பாதிதான் போகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஓடு போலப் படியும் வெள்ளைப் படிவு, கொதியில் பிரிந்த கால்சியம் கார்பனேட். சோடியமும் குளோரைடும் கொதித்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு சேர்ந்த இடங்களில் நிலைமை இன்னும் கொடியது. அந்தக் கழிவு பாலாற்றுப் படுகையை எவ்வளவு கெடுத்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த ஆற்றோரத்து மக்கள் குடிக்க நல்ல நீரின்றி வருந்தும்போது, அதே நீரைப் பர்ட்டனோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (ராணிப்பேட்டை, இப்போது பர்மிங்காம்): வேலூர்க் கோட்டையில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் பேல் ஏல்தானே குடித்தார்கள்?

பதில்: பர்ட்டனின் பேல் ஏல் இந்தியாவுக்கு வரத் தொடங்கியதே 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பிந்திய காலத்தில்தான். அதற்குப் பிறகும் சாதாரணச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் சாராயமும் போர்ட்டர் என்னும் கருநிற பீரும்தான் கிடைத்தன. பேல் ஏல் அதிகாரிகளின் மேசைக்குக் கப்பலில் வந்த பானம்.

கேள்வி (மீண்டும் குடியாத்தம்): அப்படியானால் எந்த ஊர்த் தண்ணீரிலும் செய்ய முடியாதா?

பதில்: எந்த ஊரிலும் செய்யலாம். ஆர்ஓ நீர் 30 லிட்டருக்கு, உணவுத் தரமுள்ள ஜிப்சம் 8 கிராமும் கால்சியம் குளோரைடு 3 கிராமும் கரைத்தால், சல்ஃபேட் லிட்டருக்கு 150 மில்லிகிராமும் குளோரைடு 50க்குச் சற்றுக் குறைவாகவும் வரும். இந்தப் பேல் ஏலுக்கு அது போதுமானது. கட்டுமானக் கடை ஜிப்சத்தைத் தொடவே கூடாது. விலை உயர்ந்த ஹாப்ஸ் வாங்குமுன் உங்கள் குழாய் நீரின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் குளோரின் இருந்தால், அரை மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை அதை நீக்கிவிடும்.

கேள்வி (ஆம்பூர், இப்போது சிங்கப்பூர்): வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி. என்ன செய்வது?

பதில்: பழைய குளிர்பதனப் பெட்டியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்குவதே முதல் வழி. இல்லையேல் நார்வேயின் க்வைக் ஈஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். அது 35 டிகிரியிலும் தூய்மையாக நொதிக்கும். சாதாரண ஏல் ஈஸ்ட்டை அந்தச் சூட்டில் விட்டால், தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்கள் உருவாகும்.

கேள்வி (ஆரணி, இப்போது சிட்னி): ரொட்டி ஈஸ்ட் பயன்படுத்தினால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (வேலூர்): என் வீட்டு மாடியில் சிறிய அளவில் செய்யலாமா?

பதில்: கூடாது. முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி (பேரணாம்பட்டு, இப்போது ஆக்லாந்து): இதையே வாலையில் வடித்தால்?

பதில்: வடித்தல் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

கேள்வி (சோளிங்கர், இப்போது டப்ளின்): புட்டியில் அடைத்தபின் இரண்டு வெடித்துவிட்டன. சர்க்கரை 120 கிராம்தான் போட்டேன்.

பதில்: 20 லிட்டருக்கு அந்த அளவு சரியானதே. குளிர்ந்தபின் சேர்த்த ஹாப்ஸில்தான் கோளாறு இருக்கக்கூடும். ஹாப்ஸிலும் நொதிகள் உண்டு. ஈஸ்ட் உண்ண முடியாமல் விட்ட பெரிய சர்க்கரைகளை அவை உடைத்துவிடுவதால், முடிந்ததாகத் தோன்றிய நொதித்தல் மறுபடியும் தொடங்குகிறது. எனவே, ஊறிய ஹாப்ஸை வடித்தபின், மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அடர்த்தி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடையுங்கள். எஞ்சிய புட்டிகளைத் தடித்த துணி போர்த்தி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, இப்போதே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்தபின் ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள்.