சிங்கப்பூர் - நியூயார்க் விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? ஒரு இணையதளத்தில் 17 மணி நேரம், டிக்கெட்டில் பதினெட்டரை. எது சரி?

டிக்கெட்டைத்தான் நம்ப வேண்டும். அலுவலக வேலையாக இரண்டு முறை போய்வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் சுமார் 15,350 கிலோமீட்டர். இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178. உலக உருண்டையில் ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்றுதான் அர்த்தம். அப்படியானால் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். இங்கிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி ஏற வேண்டும், அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 டிகிரி இறங்க வேண்டும். ஆக 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,300 சொச்சம் வந்துவிடும்.

அந்தத் தளம் இந்தத் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து 17 என்று போட்டிருக்கும். ஆனால் விமானிக்குத் தூரத்தைவிடக் காற்றுதான் முக்கியம். சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் வீசும். நான் போனபோது விமானம் துருவத்துப் பக்கமே தலைவைக்கவில்லை. ஜப்பான் பக்கம் போய், அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு பசிபிக்கைக் கடந்தது. சுற்று வழிதான், ஆனாலும் லாபம்.

திரும்பும்போது அதே வழியில் வந்தால் காற்று முகத்தில் அறையும். அதனால் அன்றைக்கு அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்தோம். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! வழி நாளுக்கு நாள் மாறும், அதற்கேற்ப நேரமும் கூடும் குறையும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரத்தையும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் போடுகிறார்கள்.

"எந்த ஊர்லடா இறங்கி மாறணும்?" என்று அம்மா கேட்டார். எங்கும் இல்லை. 2004-லேயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நான்கு எஞ்சின் ஏர்பஸ்ஸில் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கு நேரடியாகப் பறந்தது. எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தி, 2018-ல் இரண்டு எஞ்சின் ஏர்பஸ் ஏ350-இல் மறுபடி ஆரம்பித்தார்கள். கென்னடிக்கு 2020 முதல். அவ்வளவு எரிபொருளைச் சுமப்பதால் ஆட்கள் குறைவு: 161 இருக்கைதான், சாதாரண எக்கானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலை ஏன் அப்படி இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். எக்கானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள பிரீமியம் எக்கானமி எடுத்தால் கடைசி வரிசைகளைப் பாருங்கள். வால் பக்கம் உடல் குறுகுவதால் சன்னலோரம் ஒற்றை இருக்கைகள் இருக்கும். பக்கத்தில் ஆளில்லாமல் பதினெட்டு மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, நியூயார்க்கில் திங்கள் இரவு ஏறினால் நேர வித்தியாசத்தால் சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடியற்காலை. "செவ்வாய்க்கிழமை கவிச்சி எதுவும் சாப்பிடலையே?" என்றார் அம்மா. சிக்கன் சாப்பிட்டது எந்தக் கிழமையில் என்று எனக்கே தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவைத்தேன்.