ஐந்தா, ஏழா? வீட்டுத் திரையரங்கிற்கு ஸ்பீக்கர் தேர்வு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கூடம் 5 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்டது. நீளமான சுவர் ஒன்றில் டி.வி. மாட்டியிருக்கிறோம், எதிர்ச்சுவரை ஒட்டி சோபா கிடக்கிறது, அதை நகர்த்த வழியில்லை. எனக்கு 5.1 போதும் என்று தோன்றுகிறது. 7.1 வாங்காவிட்டால் தியேட்டர் அனுபவமே கிடைக்காது என்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: உங்கள் கூடத்திற்கு 5.1 தான் பொருத்தம். இதில் 5 என்பது முன்புறத்தில் இடம், நடு, வலம் என மூன்றும், கேட்பவரின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றுமாக வரும் ஸ்பீக்கர்களைக் குறிக்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 1 என்பது தாழ்ந்த சுருதி ஓசைக்கென்றே உள்ள சப்வூஃபர். 7.1 அமைப்பில் கூடுதலாக வரும் இரண்டும் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியவை. டி.வி.யை நேராகப் பார்க்கும் திசையைச் சுழியம் என்று கொண்டால், அவற்றுக்குரிய இடம் இரு பக்கமும் 135 முதல் 150 பாகை வரையிலானது. சோபா சுவரை ஒட்டிக் கிடக்கும்போது அந்த இடம் சுவருக்கு அப்பால் போய்விடுகிறது. வேறு வழியின்றித் தலைக்கு மேலே சுவரில் மாட்டினால், பின்னால் தொலைவிலிருந்து வர வேண்டிய ஓசை உச்சந்தலையில் வந்து விழும். பக்கத்து ஸ்பீக்கர்களின் ஓசையையும் அது அமுக்கிவிடும். சோபாவுக்குப் பின்னால் ஒரு மீட்டர் அளவுக்காவது காலியிடம் இருப்பவர்கள்தாம் 7.1 பற்றி யோசிக்கலாம்.

5.1 அமைப்பின் பக்க ஸ்பீக்கர்களையும் 110 பாகையையொட்டிச் சற்றுப் பின்தள்ளி வைப்பதே முறை. உங்களுக்கு அது இயலாது என்பதால், பக்கச் சுவர்களில் காதுக்கு நேராக, ஏறத்தாழ 90 பாகையில், காது மட்டத்திற்குச் சற்று மேலே மாட்டிவிடுங்கள். அதனால் பெரிய இழப்பு ஏதுமில்லை.

இழப்பு நேர்வது பெரும்பாலும் முன்புறத்தில்தான். இட, வல ஸ்பீக்கர்களை டி.வி.யின் ஓரங்களோடு ஒட்டி நிறுத்திவிட்டு, ஓசை விரிந்து கேட்கவில்லை என்று வருந்துவோர் ஏராளம். அவை ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 பாகை விலகியிருக்க வேண்டும். உங்கள் காதுக்கும் டி.வி.க்கும் இடையே சுமார் 2.75 மீட்டர் இருக்கும் என்று கொண்டால், இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே 2.2 மீட்டருக்குக் குறையாமலும் 3.2 மீட்டருக்கு மிகாமலும் இடைவெளி வேண்டும். நீளமான சுவரில் டி.வி.யை மாட்டியிருப்பதால் உங்களுக்கு இதற்குத் தாராளமாக இடமிருக்கிறது.

கூடுதல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு ஆகும் பணத்தை முன்புற மூன்றில் போடுங்கள். வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது என்பதால், அதை மலிவாக வாங்கிவிட்டு மற்றவற்றில் செலவழிப்பது வீண். மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது. இல்லையேல் திரையில் இடமிருந்து வலம் ஓடும் வண்டியின் ஓசை நடுவில் வரும்போது குரல் மாறிப்போகும்.

ஓசையைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் கருவியான ரிசீவர், ஏழு சேனல் கொண்டதாக ஏற்கனவே கைவசம் இருந்தாலும் கவலையில்லை. மீதமுள்ள இரண்டு சேனல்களைக் கூரை ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்கும் வசதி டால்பி அட்மாஸ் ரிசீவர்களில் உண்டு. அந்த அமைப்பை 5.1.2 என்பார்கள். 2012 இல் திரையரங்குகளிலும் 2014 இல் வீடுகளிலும் அறிமுகமான இம்முறையில் மழையும் ஹெலிகாப்டரும் உண்மையாகவே மேலிருந்து கேட்கும். பின்சுவரில் இரண்டைத் திணிப்பதைவிட, இருக்கைக்குச் சற்று முன்னால் கூரையில் இரண்டைப் பதிப்பதையே நான் பரிந்துரைப்பேன். கூரையை நோக்கி ஓசையைச் செலுத்தி எதிரொலிக்க வைக்கும் வகை ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான, கெட்டியான கூரை தேவை. சாய்கூரைக்கு அவை உதவா.

கேள்வி: எங்கள் அறை 5.5 மீட்டர் நீளம். நடுவில் அமர்ந்து படம் பார்க்கிறோம். சப்வூஃபர் மூலையில் இருக்கிறது. கதவருகே போனால் நெஞ்சு அதிர்கிறது, இருக்கையில் அமர்ந்தால் அதிர்வே இல்லை. இதைவிடப் பெரியது வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வது சப்வூஃபரின் குறையாகத் தெரியவில்லை. இருக்கையும் சப்வூஃபரும் இருக்கும் இடங்கள்தாம் காரணமாக இருக்க வேண்டும். ஓசை காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. உங்கள் அறையின் நீளத்தைப் போல இருமடங்கு அலைநீளம் கொண்ட ஓசை, அதாவது ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ், இரு சுவர்களுக்கும் இடையே மோதித் திரும்பி நிலையலையாக மாறுகிறது. நிலையலையின் அழுத்தம் சுவர்களை ஒட்டி மிகுந்தும், அறையின் நட்டநடுவில் அநேகமாக இல்லாமலும் இருக்கும். அந்த நட்டநடுவில்தான் உங்கள் இருக்கை இருக்கிறது. அந்த அதிர்வெண்ணில் எத்தனை பெரிய சப்வூஃபரும் அவ்விடத்தை எளிதில் நிரப்பாது. கதவருகே உள்ளவரைத்தான் மேலும் துன்புறுத்தும்.

முதலில் இருக்கையை அரை மீட்டர் முன்னோ பின்னோ தள்ளிப் பாருங்கள். அது முடியாதென்றால், சப்வூஃபரைத் தூக்கி இருக்கையின் மேலேயே வைத்து, தாழ்ந்த சுருதி தொடர்ந்து ஒலிக்கும் ஏதேனும் ஓர் இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேளுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. எந்த இடத்தில் அதிர்வு தெளிவாகவும் சீராகவும் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் இருக்கைக்குத் திரும்பினால், அதே ஓசை அங்கும் கேட்கும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடிக்காது. ஆகவே சப்வூஃபர் டி.வி. பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ரிசீவரில் கிராஸ்ஓவரையும், அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஓசை சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையையும், 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம்.

பின்னாளில் பணம் செலவழிக்க நேர்ந்தால் பெரியது ஒன்றுக்குப் பதிலாக நடுத்தர அளவில் இரண்டு வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களின் மையத்தில் வையுங்கள். ஒன்று உண்டாக்கும் மேடுபள்ளங்களை மற்றொன்று பெருமளவு சமன்செய்யும்.

கேள்வி: ஒரு பெட்டியில் 1000 வாட் என்றும், அதைவிட விலை கூடிய ரிசீவரில் 100 வாட் என்றும் போட்டிருக்கிறது. எப்படி?

பதில்: முதலாவது அநேகமாக பி.எம்.பி.ஓ. கணக்காக, அதாவது கணநேரம் மட்டும் எட்டுவதாகச் சொல்லப்படும் உச்சத் திறனாக இருக்கும். அதை அளப்பதற்குப் பொதுவான வரையறை கிடையாது என்பதால், தயாரிப்பாளர் விரும்பியதை அச்சிடலாம். தொடர்ந்து தரக்கூடிய திறனான ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, எத்தனை சேனல்களை ஒருசேர இயக்கி அளந்தது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுவதற்குமா அல்லது 1000 ஹெர்ட்ஸில் மட்டுமா, எத்தனை விழுக்காடு ஒலிச்சிதைவுடன் என்ற விவரங்களோடு கொடுத்திருந்தால் மட்டும் அந்த எண்ணை நம்புங்கள். அப்படிப்பட்ட 100 வாட் ஒரு சாதாரணக் கூடத்திற்குத் தாராளம். வாட்டை இருமடங்காக்கினால் ஓசை கூடுவது 3 டெசிபெல் மட்டுமே; காதுக்கு இருமடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். குறிப்பிட்ட வாட்டில் ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைச் சொல்லும் சென்சிடிவிட்டி அளவையும் பாருங்கள்: 90 டெசிபெல் உள்ளது, 87 உள்ளதன் பாதி வாட்டிலேயே அதே அளவு ஒலிக்கும். ஸ்பீக்கரின் ஓம் அளவு, அதாவது மின்தடை, ரிசீவர் தாங்கும் அளவுக்குக் குறைவாக இருக்கக் கூடாது.

கேள்வி: வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் புரிவதில்லை. நடு ஸ்பீக்கரை மாற்றிவிடலாமா?

பதில்: அதற்கு முன்பு அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலமாரித் தட்டின் உள்ளே தள்ளி வைத்திருந்தால் விளிம்பு வரை இழுத்து, கீழே சிறு ரப்பர் துண்டு வைத்துக் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். ரிசீவரில் நடு சேனலின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டலாம். இரவு நேரங்களுக்கென்று ரிசீவர்களில் தரப்படும் அமைப்பு, உரத்த ஓசையைத் தாழ்த்தி மெல்லிய ஓசையை உயர்த்தித் தரும். அண்டை வீட்டாரும் நன்றி சொல்வார்கள். இவ்வளவும் செய்தும் புரியாவிட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிப்போம்.

கேள்வி: டி.வி.யின் ஓசையை எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே ரிசீவருக்கு அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி மட்டுமே என் டி.வி.யில் உண்டு, அதன் மேம்பட்ட வடிவமான ஈ.ஏ.ஆர்.சி. இல்லை. அட்மாஸ் கிடைக்காதா?

பதில்: இணையவழிப் படச் சேவைகள் பெரும்பாலும் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் அனுப்புகின்றன, டி.வி. அவ்வடிவத்தை வெளியனுப்பக்கூடியதாக இருந்தால் சாதாரண ஏ.ஆர்.சி. வழியாகவே அது ரிசீவரை அடையும். புளூ-ரே வட்டுகளில் உள்ள டால்பி ட்ரூஎச்.டி. வடிவத்திற்குத்தான் ஈ.ஏ.ஆர்.சி. தேவை. அதற்கும் பிளேயரை டி.வி.யில் இணைக்காமல் நேரே ரிசீவரில் இணைத்து, அங்கிருந்து படத்தை மட்டும் டி.வி.க்கு அனுப்பினால், இருக்கும் டி.வி.யே போதும்.