ஃபோம் பேட்டில் கிண்ணம் நழுவிப் பறப்பது ஏன்?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீட்டிலேயே மின்சக்கரம் வைத்து வனைகிறேன். கிண்ணத்தை ஃபோம் பேட்டில் (சக்கரத் தட்டின்மேல் வைக்கும், ஃபோம் ஒட்டிய வட்டப்பலகை) கவிழ்த்து அடியைச் சீவினால் பாதியிலேயே நழுவிப் பறக்கிறது. ஃபோம் மலிவு, வெளிநாட்டு பேட் வாங்குங்கள் என்கிறார் பொருள் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் உங்கள் ஃபோமின் ஓரத்தை நனைத்து அமுக்கிப் பாருங்கள். தண்ணீரை உறிஞ்சினால் அது வெறும் பஞ்சு. விளிம்பு ஒரு பக்கம் அமிழும், கிண்ணம் ஆடும். உறிஞ்சாமல், கட்டைவிரலை எடுத்ததும் பழையபடி எழும்பினால் ஃபோமில் குறையில்லை.

பஞ்சுதான் என்றால், குழந்தைகள் தவழ விரிக்கும் ஈ.வி.ஏ. பாயில் 10 முதல் 12 மி.மீ. கனமுள்ள துண்டு போதும். வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். மரைன் பிளைவுட் வட்டத்தில் ரப்பர் பசையால் ஒட்டுங்கள். இரு பக்கமும் பசை தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றி, 1 செ.மீ.க்கு ஒன்றாக மார்க்கரில் வட்டம் போட்டுக்கொண்டால் கிண்ணத்தை நடுவில் வைப்பது எளிது.

வெளிநாட்டு பேட்டுகளில் பெரும்பாலும் 10 அங்குல இடைவெளியில் 2 துளைகள் இருக்கும். நம்மூர்ச் சக்கரத் தட்டுகள் பலவற்றில் அதற்கான ஆணியே கிடையாது. இதை விற்கும்போது சொல்ல மாட்டார்கள். வாங்கி வந்த பிறகு தட்டையும் மாற்றச் சொல்வார்கள். அளக்காமல் காசை நீட்டாதீர்கள்.

நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபோம்மேல் கிடக்கும் காய்ந்த மண்துகள். அது விளிம்புக்கடியில் மணலாக உருளும். ஒவ்வொரு முறையும் ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள்; அந்த மெல்லிய ஈரம்தான் பிடிமானம். தண்ணீர் தேங்கினால் வழுக்கும்.

அடுத்தது இடது கை. அடியின் நடுவில் பாட்டில் மூடி ஒன்றை வைத்து, நடுவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். கிண்ணத்தை முக்கியமாகப் பிடித்து வைப்பது அந்த அழுத்தம்தான். கருவியை எடுத்த பிறகும், சக்கரம் நிற்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. பலர் விரலை முதலில் எடுக்கிறார்கள்; பறப்பது அப்போதுதான்.

பதமும் முக்கியம். நகம் வைத்தால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. ஐப்பசி மழையில் இந்தப் பதம் வர 2, 3 நாள்கூட ஆகும். 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கியதிலிருந்து ஸ்டோன்வேருக்கு (அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டி மண்பாண்டம்) பேர்போன ஊர் இது. இங்கேயே ஒரு நாள் வகுப்பென்று காசு வாங்கி, காயவே நேரம் கொடுக்காமல், அடி சீவக் கற்றுத்தராமல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு பழி ஃபோம்மேல் விழுகிறது.

ஒன்றுக்கு மட்டும் ஃபோம் உதவாது: குறுகிய வாய்க் குடுவை. சின்ன விளிம்பில் நின்றால் லேசாகக் கருவி பட்டாலே சாயும். எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது, கழுத்துதான் நசுங்கும். அதற்குத் தடித்த சுவருள்ள மண் உருளை ஒன்று வனைந்து, அதே பதத்துக்குக் காயவிட்டு, ஃபோம் இல்லாத வெறும் தட்டில் 3 மண் உருண்டைகளால் அணைத்து நிறுத்துங்கள். உருளையின் வாயில் ஈரத்துணி சுற்றிக் குடுவையைத் தலைகீழாக இறக்குங்கள். குடுவையின் தோள் உருளை விளிம்பில் உட்கார வேண்டும். கழுத்து எதையும் தொடாமல் உள்ளே தொங்க வேண்டும். வேலை முடிந்ததும் உருளையை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள், அடுத்த வாரமும் உதவும்.