வகுப்பில் வைக்கும் டெஸ்ட், மாணவர்களுக்குப் படிப்பில் ஆர்வத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

திருத்திக் கொடுக்கிற விதத்தில்தான் இருக்கிறது. அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் பின்னத்தில் ஒரு சின்ன டெஸ்ட் வைத்தேன். 1/2 + 1/3 எவ்வளவு? பாதிப் பேருக்கு மேல் 2/5 என்று எழுதியிருந்தார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் சிவப்பு மையில் தப்பு போட்டு, பத்துக்கு நாலு என்று வட்டமிட்டுக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் முதலில் தங்கள் வட்டத்தைப் பார்ப்பார்கள், அடுத்து பக்கத்துப் பையனின் வட்டத்தை. அதோடு டெஸ்ட் நோட்டு பைக்குள் போய்விடும்.

இந்த முறை மதிப்பெண் போடவில்லை. "2/5 அரையை விடப் பெரியதா, சின்னதா? படம் வரைந்து பார்" என்று மட்டும் எழுதினேன். கணக்குப் பாடவேளையில் வாயே திறக்காத ஒரு மாணவி, பட்டை வரைந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு கட்டத்துக்கு வண்ணம் அடித்தாள். வண்ணம் பட்டையின் பாதியைத் தொடவில்லை. "அரையோடு சேர்த்த பிறகு எப்படி சார் குறையும்?" என்று எழுந்து வந்து கேட்டாள். பட்டையை ஆறாகப் பிரிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, மொத்தம் ஐந்து, 5/6 என்று அவளே எழுதிக்கொண்டு வந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்விலும் இதைப் பார்க்கலாம். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டின், அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளையின் புரிதலைப் பார்க்கும் மதிப்பீட்டின், 40 மதிப்பெண்ணும் இதற்காகத்தான். ஆனால் பல இடங்களில் அது பதிவேட்டை நிரப்பும் வேலையாகிவிட்டது. அந்த நாற்பதில் செயல்பாட்டுக்கு 20, சார்ட் ஒட்டினால் அதில் 18. அந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று பதிவேட்டில் எங்கும் இருக்காது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

நாற்பது நோட்டிலும் தினமும் குறிப்பு எழுத முடியாதுதான். அதனால் கடைசி ஐந்து நிமிடம் துண்டுத்தாளில் ஒரே ஒரு கணக்கு கொடுக்கிறேன். சரி, பாதி சரி, புரியவில்லை என மூன்று அடுக்காகப் பிரிப்பேன். மறுநாள் பாடம் மூன்றாவது அடுக்கிலிருந்துதான் தொடங்கும்.

பெற்றோர் மார்க் கேட்பார்கள். போடுகிறேன், பிள்ளை தன் தப்பைத் திருத்திக் காட்டிய பிறகு.